இடது கைக்கு ஒரு வழி

வெளியே சித்திரை. காலேஜ் ரோட்டுத் தார்
செருப்போடு ஒட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிவரை வருகிறது.
உள்ளே நாலு மணி நேரம் நான் நடுங்குகிறேன்.
ரத்தம் குழாய்வழி இறங்கி
ஒரு ட்ரிப் அடித்துத் திரும்பும்போது
சில்லென்று ஏறுகிறது தோளில்.
ஏசியைக் குறைக்கச் சொன்னால்
"மெஷினுக்கு ஆகாதுண்ணே" என்கிறாள் நர்ஸ் ரெக்சலின்.
அவர்கள் தரும் போர்வை முழங்காலோடு நின்றுவிடும்.

இடது கை அசையக் கூடாது. இரண்டு ஊசி.
வலது கைக்கு போனைத் தவிர வேலையில்லை.
இருபத்தாறு வருஷம் கியர் போட்ட கை,
சும்மா கிடந்தால் அதற்குக் கோபம் வருகிறது.
எதையோ தள்ளப் போய் அந்தம்மா வந்தாள்:
ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பனி, மேசைமேல் ஏழு கத்தரி,
துண்டுத்துணிகளைச் சேர்த்துப் போர்வை தைக்கிறாள்.
பேச்சு புரியவில்லை. அடியில் ஓடியது
தானாக மொழிபெயர்த்த தமிழ்:
"மட்டையாட்டத்தை இரண்டு துணிகளுக்கு நடுவில் வையுங்கள்.
இப்போது உங்கள் சாண்ட்விச்சை ஊசியால் குத்துங்கள்."
சிரித்ததில் கை ஆடி மெஷின் அலறியது.
ரெக்சலின் ஓடிவந்து திட்டினாள்.

மட்டையாட்டம் என்றால் உள்ளே வைக்கும் பஞ்சடுக்கு.
மூன்றாவது வாரம்தான் விளங்கியது.

வீட்டில் பஞ்சவர்ணம் ஜாக்கெட் தைக்கிறவள்.
மெஷினடியில் மூட்டையாக வெட்டுத்துணி,
கல்யாண வீட்டு மெரூன், பள்ளிக்கூட நீலம்,
யாரோ கடைசிவரை வாங்க வராத ஒரு கிளிப்பச்சை.
"ஊசி இல்லாத நாள்லயாவது தூங்குங்களேன்" என்றாள்.
அப்புறம் பாபினில் நூல் சுற்றித் தந்தாள், பேசாமல்.

ஓரம் கால் அங்குலம், எங்கேயும் கால் அங்குலம்
என்கிறாள் பனிக்காரி.
முகூர்த்த நாளில் செக்காலை ரோட்டில்
காருக்கும் காய்கறி வண்டிக்கும் நடுவே
பஸ்ஸைச் செருகியவனுக்குக் கால் அங்குலமா பெரிசு?
பெரிசுதான்.
முதல் கட்டம் கோணியது,
இரண்டாவது அதைப் பார்த்துக் கோணியது.
பிரித்தேன். பிரிப்பதற்கும் ஒரு வீடியோ இருக்கிறது,
பதினாலு நிமிஷம்.

முக்கோணங்களை வரிசையாய் வைத்தால் பறக்கும் வாத்தாம்.
நான் பார்த்த வாத்தெல்லாம் அறுப்பு முடிந்த வயலில்
கோலுக்குப் பயந்து நடந்துதான் போயின.
காக்கிச் சட்டையை வெட்டிப் பறக்கவிட்டேன்.
பொத்தான்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாள் பஞ்சவர்ணம்.
பக்கத்து வீட்டு உமையாள் எட்டிப் பார்த்து
"அச்சு அசல் ஆத்தங்குடிக் கல்லு" என்றாள்.
தரையைப் போர்த்திக்கொள்ளவா முடியும் என்று
கேட்டிருக்கலாம். அரை லிட்டர் தண்ணீரில்
ஒரு பகலையும் ராத்திரியையும் ஓட்டுகிறவன்
வார்த்தையைச் சிந்துவதில்லை.

கொண்டுபோன அன்று ரெக்சலின் மறித்தாள்.
"கையை மூடக் கூடாதுண்ணே.
ஊசி கழன்டா யாருக்குத் தெரியும்?"
மடித்துக் கால்மேல் போட்டுக்கொண்டு
நாலு மணி நேரமும் தேடினேன்.
ஒரு வீடியோவிலும் இல்லை.
போர்வைக்கு வெளியே ஒரு கையை வைத்துவிட்டுத்
தூங்க வேண்டியவர்கள்
அந்த ஊரில் தைப்பதில்லை போல.

தைத்து முடித்ததில் கத்தரி வைக்க மனசு வரவில்லை.
சாக்பீஸால் கோடு போட்டேன், அழித்தேன், போட்டேன்.
"தள்ளுங்க. கைக்குழி என் வேலை"
என்று ஒரே இழுப்பில் வெட்டினாள் பஞ்சவர்ணம்,
ஊரெல்லாம் ஜாக்கெட்டுக்கு வெட்டுகிற கை.
ஓரத்துக்கு அந்தக் கிளிப்பச்சையில் பைப்பிங்.

இப்போது மற்றதெல்லாம் உள்ளே, இடது கை மட்டும் வெளியே.
தோலுக்கடியில் அது உறுமிக்கொண்டிருக்கிறது,
ஆளேற்றக் காத்து நிற்கும் வண்டி மாதிரி.
வாத்து ஒன்று தலைகீழாய்ப் பறக்கிறது.
பிரிக்கப் போவதில்லை.

ஆறாம் கட்டில் ஜெயினுலாப்தீன்,
புதுவயல் அரிசி மில்லில் கணக்கெழுதியவர்,
ரெண்டு வாரமாய்ப் பார்த்துக்கொண்டே இருந்தவர்
நேற்றுக் கேட்டுவிட்டார்:
"எனக்கு வலது கை, டிரைவரே. ஆகுமா?"
ஊசி எடுத்துப் பஞ்சு ஒட்டியபின்
பையிலிருந்து டேப்பை எடுத்து
தோளுக்குக் கீழே சுற்றினேன்.
டேப் லேசாக அதிர்ந்தது. அவர் வண்டியும் ஓட்டத்தில்தான்.
பதினொன்றரை
என்று உள்ளங்கையில் குறித்துக்கொண்டேன்.